மறதி நோய் வந்தவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா? சட்டத் தகுதியைப் பார்த்து எழுதும் முறை

ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு வீட்டுப் பெரியவருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று டாக்டர் சொன்ன மறு வாரமே அந்த வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். "இனிமே அவர் போடற கையெழுத்து செல்லாது" என்பது ஒன்று. "முழுசா மறக்கறதுக்குள்ள எழுதி வாங்கிடணும்" என்பது இன்னொன்று. முதல் பேச்சு ஒரு மனிதரை உயிரோடு இருக்கும்போதே கணக்கிலிருந்து தள்ளிவைக்கிறது. இரண்டாவது பேச்சு வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குக்கு விதை போடுகிறது. சட்டம் இரண்டையுமே சொல்லவில்லை.

சட்டம் கேட்பது ஒன்றுதான்: இந்தக் காரியத்தை, கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில், இவர் புரிந்துகொண்டு செய்தாரா? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அது என்னவென்று புரிந்து, அது தன் நலனை எப்படிப் பாதிக்கும் என்று அறிவோடு முடிவுசெய்ய முடிந்தால் அவர் தெளிந்த மனம் உடையவர். வழக்கமாகத் தெளிவில்லாதவரும் இடையில் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம். வழக்கமாகத் தெளிவாக இருப்பவர் கடும் காய்ச்சலில் பிதற்றும்போது செய்ய முடியாது. உயிலுக்கும் இதே வழிதான். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 59ஆம் பிரிவு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 3ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒருவருக்கு மனநோய் என்று கண்டறிந்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை அறிவிக்க வேண்டியது நீதிமன்றம்.

ஆகவே "இவருக்குத் தகுதி இருக்கா?" என்று யாராவது கேட்டால், "எதுக்கு, எப்போ?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்த விடையைத் தேடி மருத்துவர் செய்யும் மதிப்பீடு படிப்படியாகக் கீழே இருக்கிறது. முதல் படி வக்கீலுக்கும் குடும்பத்துக்கும்; இரண்டாம் படியிலிருந்து சான்று எழுதுவது வரை "நீங்கள்" என்பது அந்த மருத்துவர்.

முதல் படி: எந்தக் காரியம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வக்கீலோ குடும்பமோ மருத்துவரிடம் "மெடிக்கல் சர்டிபிகேட் வேணும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பெரிய பிழை. எந்தப் பத்திரம், எந்தச் சொத்து, யாருக்கு என்று எழுதிக் கொடுங்கள். வரைவுப் பத்திரத்தின் நகலையும் கொடுங்கள். அது இல்லாமல் மருத்துவர் என்ன கேள்வி கேட்க முடியும்?

காரியத்துக்குக் காரியம் பளு மாறும். உயிலைத் தெளிவு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அது எழுதியவர் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். தான செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம், அப்படியில்லை. பதிவாகி, வாங்கியவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் கொடுத்தவர் தன்னிச்சையாக ரத்துசெய்ய முடியாது. இருக்கும் ஒரே வீட்டை செட்டில்மெண்ட் செய்கிறவர், நாளைக்கு அந்த வீட்டில் தான் இருப்பது இன்னொருவர் கையில் போய்விடுகிறது என்பதைப் புரிந்திருக்க வேண்டும். அதனால் செட்டில்மெண்டுக்கு உயிலைவிடக் கறாராகப் பாருங்கள். வடசென்னையில் நடப்பது தலைகீழ்: உயிலுக்கு டாக்டரைக் கூப்பிடுகிறார்கள், செட்டில்மெண்டை ஒரே காலையில் முடித்துவிடுகிறார்கள்.

மண்ணடி, ராயபுரம் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களில் பொதுவாக, கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். பெரியவரிடம் கேள்வி கேட்கும்போது இதையும் மனத்தில் வையுங்கள்.

இரண்டாம் படி: உடம்பை முதலில் சரிசெய்யுங்கள்

மறதி நோய் உள்ளவர் திடீரென்று இரண்டு மூன்று நாளில் குழம்பினால், அது மறதி நோய் முற்றியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடம்பில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு என்று எதுவாகவும் இருக்கலாம். பிரஷருக்குத் தரும் சில நீர் மாத்திரைகளால் சோடியம் இறங்குவது முதியவர்களிடம் சகஜம். தூக்க மாத்திரையும், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் சளி, அரிப்பு மாத்திரைகளும் நினைவை மழுங்கடிக்கும். வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து மந்தமானால் தலைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். மனச்சோர்வும் மறதி போலவே வேஷம் போடும்.

இவற்றில் ஏதாவது இருந்தால் மதிப்பீட்டைத் தள்ளிப்போடுங்கள். தொற்று தீர்ந்த பின்னும் புத்தி தெளிய வாரக்கணக்கில் ஆகலாம். "அடுத்த வாரம் முகூர்த்த நாள், பதிவு வச்சிருக்கோம்" என்று குடும்பம் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தையும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள். உயிர் போகும் நிலை தவிர வேறெதற்கும் அவசரம் கிடையாது.

காதும் கண்ணும் இதே கணக்குத்தான். காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்காத கேள்விக்குத் தலையாட்டுவதைப் "புரிந்துகொண்டார்" என்று எழுதுவதும், கேட்காததால் பதில் சொல்லாதவரைப் "புரியவில்லை" என்று எழுதுவதும் ஒரே அளவு அநியாயம்.

மூன்றாம் படி: நேரம், இடம், ஆட்கள்

மறதி நோயாளிகளில் பலருக்குச் சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும். காலை உணவு முடிந்து பத்து, பதினோரு மணி நல்ல நேரம். தெரிந்த இடம் நல்லது; அவர் வீட்டுத் திண்ணையோ கூடமோ போதும். தெருவில் தண்ணி லாரி வரும் நேரத்தையும் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து நிமிடத்தில் முடித்ததை நீதிமன்றத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

கட்டாயம் தனியாகப் பாருங்கள். சொத்து யாருக்குப் போகிறதோ அவரும், அவர் வீட்டுக்காரரும், பிள்ளைகளும் வெளியே இருக்க வேண்டும். "நான் இல்லேன்னா அம்மா பேச மாட்டாங்க டாக்டர்" என்பார்கள். முதல் ஐந்து நிமிடம் இருந்து சகஜமாக்கிவிட்டு வெளியே போகட்டும். அதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால் மதிப்பீட்டை அங்கேயே நிறுத்திவிட்டு, நிறுத்திய காரணத்தை எழுதுங்கள்.

மொழியையும் மறக்காதீர்கள். வடசென்னையில் தெலுங்கும் உருதும் பேசும் வீடுகள் நிறைய உண்டு. தெருவில் தமிழ் பேசுகிறவராக இருந்தாலும் நோய் முற்ற முற்றத் தாய்மொழிதான் நிற்கும். அப்போது வெளியாள் ஒருவரை மொழிபெயர்க்க வையுங்கள், வாரிசை அல்ல.

நான்காம் படி: பேசுங்கள்

வேலையே இங்கேதான் இருக்கிறது.

நான்கு விஷயம் பார்க்க வேண்டும். சொன்னதைப் புரிந்துகொண்டாரா? அது தனக்கு நடக்கப்போகிறது என்று உணர்ந்தாரா? இப்படிச் செய்தால் என்ன, அப்படிச் செய்தால் என்ன என்று ஒப்பிட முடிகிறதா? ஒரு முடிவைச் சொல்லி, அதில் நிற்கிறாரா?

பத்திரத்தின் சாரத்தை இரண்டு மூன்று சின்ன வாக்கியத்தில் சொல்லுங்கள். நிறுத்துங்கள். பத்து வினாடியாவது காத்திருங்கள். பிறகு "நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைத் தவிருங்கள். "இந்த வீட்டைப் பையனுக்கு எழுதிக் கொடுக்கறீங்களா?" என்றால் நாகரிகம் தெரிந்த எந்த அம்மாவும் "ஆமா கண்ணு" என்றுதான் சொல்வார். மறதி நோயில் பலருக்குப் பேச்சு நாகரிகம் வெகுநாள் நிற்கும். புதியவர்கள் ஏமாறுவது அதில்தான். "வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடறீங்களா" என்று அழகாகப் பேசுகிறவருக்கு, வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியாமல் இருக்கலாம்.

உயில் என்றால் கேட்க வேண்டியதை 1870இலேயே இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு வகுத்துவிட்டது. பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ. நம் நீதிமன்றங்களும் அதைப் பின்பற்றுகின்றன. அதை நம் ஊர்ப் பேச்சில் இப்படிக் கேட்கலாம்.

"இது என்ன பத்திரம்மா? எப்போ நடக்கும்?" "பெரியவன் கையெழுத்துப் போடச் சொன்னான்" என்பது பதில் ஆகாது. "நான் போனதுக்கப்புறம் இந்த ஊடு சின்னவளுக்குப் போவும்னு எழுதறது" என்றால் புரிந்திருக்கிறது.

"உங்களுக்கு என்னென்ன இருக்கு?" சந்தை விலை துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. "கீழ் போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கு, மேல நான் கீறேன், போஸ்ட் ஆபீஸ்ல கொஞ்சம் பணம், அடகுக் கடைல ஒரு செயின்" என்றால் போதும். பல வருடத்துக்கு முன் விற்ற மனையை இன்னும் தன்னுடையது என்று நினைத்தாலோ, குடியிருக்கும் வீட்டைத் தங்கை வீடு என்று நினைத்தாலோ அது பெரிய குறை. குடிசை மாற்று வாரிய (இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய) வீடாக இருந்தால் ஒதுக்கீடு யார் பெயரில், கிரயப் பத்திரம் ஆகிவிட்டதா என்று குடும்பத்திடம் முன்கூட்டியே காகிதம் வாங்கிப் பாருங்கள். பெரியவர் சொல்வதைச் சரிபார்க்க உங்களிடம் விடை இருக்க வேண்டும்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? யார் யார் எங்க இருக்காங்க? இதுல யாருக்கு இல்லேன்னு எழுதறீங்க, ஏன்?" இறந்துபோன மகனை உயிரோடு இருப்பதாகச் சொல்கிறாரா? பேரப்பிள்ளைகளின் பெயர் மாறிப்போவது குறையில்லை. ஒரு மகள் இருப்பதையே மறந்துவிட்டு உயில் எழுதினால் அது குறை.

நான்காவது கேள்விதான் மிகவும் சிக்கல். அவர் முடிவை ஒரு பொய் நம்பிக்கை ஆட்டிவைக்கிறதா? "மருமவ என் நகைய எடுத்துக்கினா" என்பது மறதி நோயில் மிகவும் சாதாரணமாக வரும் புகார். வைத்த இடம் மறந்துபோகும், மனம் திருடு என்று முடிச்சுப் போடும். அந்த நம்பிக்கையால்தான் அந்த மகனுக்குப் பங்கில்லை என்று எழுதினால், மற்ற மூன்று கேள்விக்கும் நன்றாகப் பதில் சொன்னாலும் உயில் நிற்காது. ஆனால் முடிவுசெய்யும் முன் விசாரியுங்கள். நகை உண்மையிலேயே போயிருக்கலாம். நோயாளி சொல்வதாலேயே பொய் ஆகிவிடாது.

செட்டில்மெண்ட் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கட்டாயம்: "எழுதிக் கொடுத்தப்புறம் இந்த வீடு யாருது?" "நாளைக்கு அவங்க உங்களை வெளில போகச் சொன்னா என்ன பண்ணுவீங்க?" இரண்டாவது கேள்விக்கு "என் புள்ள அப்படிலாம் சொல்ல மாட்டான்" என்பார்கள். அது பாசம், நியாயம். மறுபடி கேளுங்கள்: "சொல்ல மாட்டார்தான். ஒருவேளை சொன்னா, சட்டப்படி அவரால முடியுமா?" "முடியும், தெரிஞ்சுதான் குடுக்கறேன்" என்றால் தகுதி உண்டு. அந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்காத முடிவெல்லாம் புத்தி கெட்ட முடிவு அல்ல. வீட்டைக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ கொடுப்பவரும், பார்த்துக்கொண்ட வேலைக்காரம்மாவுக்குக் கொடுப்பவரும் தம் உரிமையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அரைமணி கழித்து முக்கியக் கேள்விகளை வேறு வார்த்தையில் திரும்பக் கேளுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொரு நாளும் போங்கள். நீங்கள் வந்ததையே மறந்திருக்கலாம், பரவாயில்லை. புதிதாகச் சொல்லிக் கேட்டால் அதே முடிவு, அதே காரணத்தோடு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு முறையும் வேறு பிள்ளையின் பெயர் வந்தால் அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போனவர்களிடம் படம், அட்டை, தலையசைப்பு எல்லாம் செல்லும். ஆனால் அவர் "ஆமாம்" நம்பத்தக்கதா என்று முதலில் சோதியுங்கள். கரண்டியைக் காட்டி "இது செருப்பா?" என்று கேளுங்கள். அதற்கும் தலையாட்டினால் பத்திரத்துக்கு ஆட்டிய தலைக்கு மதிப்பில்லை.

மதிப்பெண் எதற்கு உதவும், எதற்கு உதவாது

எம்.எம்.எஸ்.இ., மோகா இரண்டும் நினைவையும் சிந்தனையையும் பார்க்கும் முப்பது மதிப்பெண் சோதனைகள். நோய் எந்த அளவில் இருக்கிறது என்று காட்ட அவை வேண்டும். தகுதியை அவை முடிவுசெய்யாது. 18 வாங்கியவர் எளிய உயிலைத் தெளிவாக எழுதலாம். 28 வாங்கியவர் எழுதக் கூடாத நிலையில் இருக்கலாம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயில் தொடக்கத்தில் நினைவு பெரும்பாலும் அப்படியே இருக்கும், நிதானம் போய்விடும். முன்பின் தெரியாதவர் போனில் கேட்டதற்கெல்லாம் பணம் அனுப்புவார். அவரிடம் மதிப்பெண் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கடந்த ஆறு மாத பாஸ்புக்கைப் பாருங்கள். லூயி பாடி என்ற மறதி நோய் வகையில் ஒரே நாளுக்குள் தெளிவும் மந்தமும் மாறி மாறி வரும். அங்கே கையெழுத்துப் போடும் அதே மணியில் மதிப்பீடு நடந்திருக்க வேண்டும்.

படிப்பு விஷயத்தில் கவனம். காசிமேட்டில் ஐம்பது வருடம் மீன் விற்ற ஆயாவிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் தவறுவார். "ஒரு கூறு 150 ரூபா, மூணு கூறு வாங்கினு 500 ரூபா நோட்டு குடுத்தா மீதி எவ்ளோ?" என்று கேளுங்கள், நீங்கள் கணக்குப் போடும் முன் ஐம்பது என்பார். இங்கிலீஷ் தேதி கேட்காதீர்கள். இது என்ன மாசம், அமாவாசை போச்சா, விசைப்படகுக்குத் தடைக்காலம் நடக்குதா என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது அந்தக் குடும்பத்துக்கு நாட்காட்டியைவிட நன்றாகத் தெரியும். மோகாவில் பள்ளிப்படிப்பு குறைந்தவர்களுக்கான அடிப்படை வடிவம் இருக்கிறது. ரூடாஸ் சோதனையும் படிப்பைப் பெரிதாகச் சாராது.

வற்புறுத்தலைத் தனியாகப் பாருங்கள்

தகுதி இருந்தாலும் சுதந்திரம் இல்லாமல் இருக்கலாம். ஒப்பந்தச் சட்டம் 16ஆம் பிரிவு, வயதாலோ நோயாலோ மனத்திறன் குன்றியவரிடம் செய்யும் ஒப்பந்தத்தை, செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தக்கூடிய இடமாகவே பார்க்கிறது. கவனிக்க வேண்டியவை: பத்திர எழுத்தரை அழைத்து வந்தது யார், பணம் கட்டியது யார், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியுமா, பெரியவரின் போன் யாரிடம் இருக்கிறது, ஏ.டி.எம். கார்டு யாரிடம், சமீபத்தில் வீடு மாற்றிக் கூட்டிப்போனார்களா. பயத்தை நேராகவே கேட்கலாம்: "எழுதலேன்னா சோறு போட மாட்டேன்னு யாராவது சொன்னாங்களா?" பதில் வராமல் வாசலையே பார்த்தால் அதையும் எழுதுங்கள்.

உச்ச நீதிமன்றம் 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது இன்றும் நிற்கிறது: உயிலால் லாபம் அடைகிறவரே முன்னின்று எழுதவைத்திருந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது.

சான்றில் என்ன இருக்க வேண்டும்

"இவர் நல்ல மனநிலையில் உள்ளார்" என்ற ஒற்றை வரிச் சான்றால் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்க முடியாது. எழுத வேண்டியவை: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், ஆளை எந்த அடையாளத்தால் உறுதிசெய்தீர்கள், யார் இருந்தார்கள், யாரை வெளியே அனுப்பினீர்கள், எந்த மொழி, கண்ணாடி, காது மெஷின், அன்று சாப்பிட்ட மருந்துகள், நோயின் பெயர், நிலை, மதிப்பெண், எந்தப் பத்திரத்துக்கான மதிப்பீடு. அதன்பின் கேள்வியும் பதிலும், அவர் சொன்ன வார்த்தையிலேயே. "போவும்" என்றால் "போவும்" என்றே எழுதுங்கள். "செல்லும்" என்று திருத்தாதீர்கள். உங்கள் நடையில் எழுதினால் அது உங்கள் வாக்குமூலம் ஆகிவிடும். கடைசியில் முடிவு, அதற்கான காரணம், கையெழுத்து, மருத்துவர் பதிவு எண்.

நீங்கள் பார்க்காத நாளுக்குச் சான்று தராதீர்கள். "போன மாசம் எழுதிட்டாங்க, அந்தத் தேதிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வருவார்கள். கொடுத்தால் அது பொய்ச் சான்று. மருத்துவப் பதிவுக்கே ஆபத்து. சான்று தருபவர் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, குறிப்பேட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மனதில் சந்தேகம் இருந்தால் இரண்டாவது கருத்து கேளுங்கள். அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவும் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மையத்துக்கும் போகலாம்.

பதிவு நாள்

சார்பதிவாளர் மனநல மருத்துவர் அல்ல. பெயரைக் கேட்பார், நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்பார். தெளிவில்லாதவராகத் தெரிந்தால் 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் 35ஆம் பிரிவின்படி மறுக்க வேண்டும். ஆனால் பதிவாகிவிட்டதாலேயே தகுதி நிரூபணம் ஆகிவிடாது. இதைக் குடும்பங்கள் நம்பவே மாட்டார்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. 31ஆம் பிரிவில் வீட்டுக்கே வந்து பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம், தனிக் கட்டணம் உண்டு. கூட்டமும் காத்திருப்பும் உள்ள அலுவலகத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு மறதி நோயாளி, காலையில் இருந்த அதே ஆளாக இருக்க மாட்டார்.

உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சி கட்டாயம். சாட்சிகள் வயதில் இளையவர்களாக, லாபம் அடையாதவர்களாக இருக்கட்டும். இருபது வருடம் கழித்தும் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

வீடியோ எடுப்பதானால் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள். முதலில் அறையைச் சுற்றிக் காட்டுங்கள், தேதியை வாயால் சொல்லுங்கள். திரைக்கு வெளியிலிருந்து "சொல்லும்மா, சொல்லு" என்று ஒரு குரல் வந்தால் அந்த வீடியோ எதிராளிக்குத்தான் உதவும். எடுத்த போனையும் மூலக் கோப்பையும் வைத்திருங்கள். சாட்சியச் சட்டம் 2023இன் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றோடுதான் நகலை நீதிமன்றம் ஏற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிப்போன பிரதியை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாம்.

செட்டில்மெண்ட் எழுதினால், "என் ஆயுள்வரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்க அந்த ஒரு வரி பெரிய பிடி. பத்திர எழுத்தர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம்.

பவர் பத்திரம் என்னும் பொறி

பவர் என்பது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். "இப்பவே ஒரு பவர் வாங்கி வச்சுக்கலாம், அப்புறம் அவருக்கு நினைவு போனாலும் கவலையில்லை" என்ற யோசனையை அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கலாம். தவறு. ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, கொடுத்தவரின் சித்தம் தெளிவிழந்தால் பவர் முடிந்துவிடும். சில நாடுகளில் நினைவு போன பின்னும் நீடிக்கும் பவர் உண்டு. நம் நாட்டில் கிடையாது. அந்தப் பவரை வைத்து நினைவு போன பிறகு செய்த கிரயம் வழக்கில் சிக்கும், வாங்கியவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

நினைவு இருக்கும்போதே செய்ய வேண்டியவை வேறு: உயில், வங்கியில் இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய "ஐதர் ஆர் சர்வைவர்" கூட்டுக் கணக்கு, எல்லா வைப்புக்கும் நாமினி, மனநலச் சிகிச்சை எப்படி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணமும், தன் சார்பில் பேச நியமிக்கும் பிரதிநிதியும். நோய் தெரிந்த முதல் ஆறு மாதம் பொன்னான காலம்.

துறைமுகம், ரயில்வே, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பென்ஷன் வாங்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கை நடுங்கிக் கையெழுத்து வராதவருக்கு, வங்கி அதிகாரி ஒருவர் உள்பட இரண்டு சாட்சிகள் முன் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. அது உடம்பு முடியாதவருக்கு. எதற்கு ரேகை வைக்கிறோம் என்றே தெரியாதவரின் விரலை மையில் தோய்ப்பதற்கு அது அனுமதி அல்ல.

தகுதி இல்லை என்று தெரிந்துவிட்டால்

மனைவியோ மகனோ தானாகவே சொத்துக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க வழி இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இல் காப்பாளர் சான்று வாங்கலாம் என்று சிலர் கலெக்டர் ஆபீசுக்கு அலைகிறார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு நான்குக்கு மட்டும். முதுமையில் வரும் மறதி நோய் அதில் இல்லை.

எஞ்சிய வழி உயர் நீதிமன்றம். கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியை அவர் சொத்துக்குக் காப்பாளராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் நியமித்தது. அதுபோன்ற மனுவுக்குத் தயார்செய்ய வேண்டியவை: மருத்துவ அறிக்கை, எல்லா வாரிசுகளின் சம்மதம், சொத்துப் பட்டியல், மாதச் செலவுக் கணக்கு, எதை எதற்காக விற்க வேண்டும் என்ற விவரம். செலவுக் கணக்கை இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். டயப்பர், நர்ஸ், மாத்திரை பில் எல்லாம் சேர்த்து. ஏற்கெனவே ஒரு சிவில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 32ஆம் கட்டளை, 15ஆம் விதியில் அந்த வழக்குக்கு மட்டும் காப்பாளர் கேட்கலாம்.

பத்திரம் எழுதும் தகுதி போனதால் மற்றதெல்லாம் போய்விடாது. யாரோடு இருக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் அவரிடம் கேட்டே செய்யுங்கள். நீதிமன்றம் அறிவிக்காதவரை ஓட்டும் அவருடையது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. பெரியவரை மிரட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567. அழைக்கும்போது பத்திரத் தேதி, சார்பதிவாளர் அலுவலகப் பெயர், பெரியவர் இப்போது யார் வீட்டில் இருக்கிறார் என்ற மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.